லைம் ஆன்டிபாடி டெஸ்ட்: நம்ம தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஆட்கள் அதை எப்போது எடுப்பது, எப்படிப் படிப்பது

லைம் நோய் என்பது உண்ணி கடித்துப் பரவும் ஒரு பாக்டீரியாத் தொற்று, நரம்பையும் தாக்கும். காவிரிக் கரையை விட்டு எங்கேயும் போகாத ஒருவருக்கு லைம் நோய் டெஸ்ட் தேவையா என்று கேட்டால், அநேகமாகத் தேவையே இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பெரிய லேப்களின் பட்டியலில் லைம் ஐஜிஎம், ஐஜிஜி (தொற்றை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடியின் இரண்டு வகை, ஐஜிஎம் முதலில் வரும், ஐஜிஜி பிறகு) இரண்டும் இருக்கின்றன, போனிலேயே பணம் கட்டினால் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், இரண்டு நாளில் "ஐஜிஎம் பாசிட்டிவ்" என்று ஒரு காகிதம் வருகிறது, அதை வைத்துக்கொண்டு யூடியூப் பார்த்து, மூளையில் கிருமி புகுந்துவிட்டது என்று தூக்கம் கெடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், மகள் பிரசவத்துக்காக நியூஜெர்சி போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த அம்மாவுக்கு வாய் கோணிப்போனால், காத்துப் பட்டுவிட்டது என்று சொல்லி எண்ணெய் தேய்க்கிறார்களே தவிர, எங்கே போயிருந்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் லேபில் வேலை பார்க்கிறவன், டாக்டர் இல்லை. மருந்து எதைச் சாப்பிடுவது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதிரி எப்படி எடுக்க வேண்டும், எந்த டெஸ்டுக்கு என்ன அர்த்தம், எந்த ரிப்போர்ட்டை நம்பிப் பதறக்கூடாது என்பதைச் சொல்ல முடியும். நரம்பு மண்டல லைமுக்கு, அதாவது நியூரோபொரேலியோசிஸுக்கு, ரத்தத்தில் வரும் ஆன்டிபாடி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் எங்கே இருந்தீர்கள், எப்போது இருந்தீர்கள், தண்டுவட நீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர்) என்ன சொல்கிறது, இந்த மூன்றும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண் பேசும்.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

லைம் என்பது அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் ஒரு ஊரின் பெயர். அங்கே 1970களின் நடுவில் குழந்தைகள் பலருக்கு ஒரே சமயத்தில் மூட்டுவீக்கம் வந்ததை வைத்துத்தான் இந்த நோயைத் தனியாக அடையாளம் கண்டார்கள். வில்லி பர்க்டார்ஃபர் உண்ணிக்குள் சுருள் வடிவ பாக்டீரியாவைப் பார்த்துச் சொன்னது 1982இல் வெளியானது, அதனால்தான் கிருமிக்கு பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயர். ஐரோப்பாவில் பொரேலியா கரினி, பொரேலியா அஃப்செலி என்று வேறு இனங்களும் உண்டு. அதில் கரினி நரம்பைத் தேடிப் போகிற வகை. ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்கு நரம்புத் தொந்தரவு அதிகமாகவும், அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு மூட்டுத் தொந்தரவு அதிகமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதைப் பரப்புவது இக்ஸோடஸ் என்ற இனத்து உண்ணி. நம் ஊர் மாட்டு மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணி வேறு இனம், அது லைமைப் பரப்புவதில்லை. ஆகவே மாட்டுக்கு உண்ணி பிடுங்கினேன், அதனால் லைம் டெஸ்ட் எடுக்கிறேன் என்று யாராவது வந்தால், வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம்.

எங்கே போயிருந்தால் யோசிக்க வேண்டும்? அமெரிக்காவில் கனெக்டிகட், நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா என்று வடகிழக்கு முழுக்க, அப்புறம் விஸ்கான்சின், மின்னசோட்டா. ஐரோப்பாவில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஸ்வீடன், ஸ்லோவேனியா, பால்டிக் நாடுகள். திருச்சியிலிருந்து விமானம் ஏறி துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் போய்விட்டு வந்தவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. டெல்டாவில் வெளிநாடு என்றாலே பாதிப் பேருக்கு இந்த மூன்று ஊர்தான், அவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இந்தியாவிலேயே இல்லையா என்றால், அங்கொன்றும் இங்கொன்றுமாக நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள், கர்நாடகத்தில் நாகரஹொளே, பந்திப்பூர் காட்டுப் பகுதிகளில் ஆன்டிபாடி ஆய்வும் நடந்திருக்கிறது. ஆனால் ஒருவர் ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பது வேறு, அவருக்கு நோய் இருப்பது வேறு. வயலும் வாய்க்காலுமான நம் சமவெளிக்கு அந்தக் காட்டுக் கணக்கை அப்படியே கொண்டுவந்து பொருத்தவும் முடியாது.

எந்த மாதத்தில் அங்கே இருந்தீர்கள் என்பதையும் பாருங்கள். அங்கே உண்ணி அதிகம் கடிப்பது கோடையில். மே முதல் ஜூலை வரை இளம் உண்ணிகள் திரியும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், கடித்தாலும் வலிக்காது, பலருக்குக் கடித்ததே தெரியாது. அதனால் "உண்ணி கடித்ததா" என்று கேட்பதைவிட "புல்வெளியில், மரங்கள் இருக்கும் பாதையில் நடந்தீர்களா" என்று கேட்பது மேல். பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பூங்காவில் தினமும் நடந்தேன் என்று சொல்கிற பாட்டிக்கு வாய்ப்பு உண்டு, ஜனவரிப் பனியில் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு வந்தவருக்கு மிகக் குறைவு.

என்ன தொந்தரவு இருந்தால் டெஸ்ட்

கடித்த ஒன்றிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் நரம்புத் தொந்தரவு தலைகாட்டும். முகத்தின் ஒரு பக்கம் செயலிழப்பது, சில சமயம் இரண்டு பக்கமும். முதுகிலோ விலாவிலோ காலிலோ நரம்பு போகும் வழியே எரிகிற வலி, அதுவும் ராத்திரியில் தாங்க முடியாமல், சாதாரண வலி மாத்திரைக்கு அடங்காமல். தலைவலி, கழுத்துப் பிடிப்பு, லேசான காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த ராத்திரி வலியும் முகவாதமும் சேர்ந்து வருவதை ஜெர்மனியில் பன்வார்த் என்ற மருத்துவர் 1941லேயே விவரித்திருக்கிறார், இப்போதும் ஐரோப்பாவில் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முகவாதமும் தலைவலியும்தான்.

உண்ணி கடித்த இடத்தைச் சுற்றி நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போகும் தோல் தடிப்பு இருந்தால் கதையே வேறு. அதைக் கண்ணால் பார்த்தே சிகிச்சை தொடங்குவார்கள், அந்த நேரத்தில் பல சமயம் ரத்தத்தில் ஆன்டிபாடி வந்திருக்காது, டெஸ்ட் எடுத்தால் நெகட்டிவ் என்று வந்து குழப்பும். படங்களில் காட்டுகிற மாதிரி செக்கச்செவேல் என்று நம் தோலில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள், கருத்தோ, அடிபட்ட இடம் கன்றியது போலவோ இருக்கும். போனில் அதைப் படம் எடுத்து வைத்திருந்தால் அது ஒரு டெஸ்டுக்குச் சமம்.

எதற்கு எடுக்கக்கூடாது என்பது இன்னும் முக்கியம். வெறும் சோர்வு, சர்க்கரை இருப்பவரின் பாத மதமதப்பு, இவற்றுக்கு வேண்டாம். ஞாபக மறதி, எம்ஆர்ஐயில் வயதானவர்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளிகள், பார்க்கின்சன், புதிதாக வந்த வலிப்பு, மனநோய், இவற்றுக்கு லைம் டெஸ்ட் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவில் தொற்றுநோய், நரம்பியல், மூட்டுநோய் மருத்துவர்களின் மூன்று சங்கங்கள் சேர்ந்து 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. லைம் மலிந்த ஊர்க்காரர்களே அப்படிச் சொல்லும்போது நமக்கு என்ன வந்தது?

கணக்காகவே பாருங்கள். எலைசா என்பது ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட். ஒரு எலைசா கிட் நோய் இல்லாத நூறு பேரில் 95 பேரைச் சரியாக நெகட்டிவ் என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம், நல்ல கிட்தான். எங்கேயும் போகாத 1000 பேருக்கு அதை எடுத்தால் 50 பேருக்கு பாசிட்டிவ் வரும். அந்த 50 பேரில் ஒருத்தருக்குக்கூட நோய் இருக்காது. கிட்டில் கோளாறு இல்லை, எடுக்க வேண்டாத இடத்தில் எடுத்ததுதான் கோளாறு.

அதற்கு முன் இங்கே இருக்கிற நோய்களைத் தள்ளுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா வயலில் இறங்கியவர் காய்ச்சல், தலைவலி, கழுத்துப் பிடிப்புடன் வந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை ஸ்க்ரப் டைஃபஸும் எலிக் காய்ச்சலும்தான். ஸ்க்ரப் டைஃபஸைத்தான் பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள். அது லைம் அல்ல, பரப்புவது புதர்களில் இருக்கும் ஒரு நுண்ணிய சிற்றுயிரின் இளம் பருவம், கிருமியும் வேறு. உடம்பில் சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்புத் துணி கட்டும் இடம் எல்லாம் தேட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள், அதனால் பெண் செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்கள். இதுவும் மூளைச் சவ்வைத் தாக்கும், தண்டுவட நீரில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு ஏறும், காகிதத்தில் பார்த்தால் நரம்பு லைம் மாதிரியே இருக்கும். லைமுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோனுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் கேட்காது, டாக்ஸிசைக்ளின் வேண்டும். எனவே லைம் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருந்து இதைக் கோட்டை விட்டால் உயிருக்கே ஆபத்து.

எலிக் காய்ச்சலில் இன்னொரு சிக்கல். அதன் கிருமி லெப்டோஸ்பைராவும் பொரேலியா மாதிரியே சுருள் பாக்டீரியா, தூரத்துச் சொந்தம். அதற்கு உடம்பு தயாரித்த ஆன்டிபாடி லைம் எலைசாவிலும் ஒட்டிக்கொண்டு பொய் பாசிட்டிவ் காட்டலாம். பால்வினை நோயான சிஃபிலிஸும் அப்படித்தான். ஆக, வயல்வேலை செய்கிறவருக்கு லைம் ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் லெப்டோவைப் பற்றி யோசியுங்கள், சிஃபிலிஸுக்கான விடிஆர்எல், டிபிஹெச்ஏ டெஸ்ட் இரண்டையும் பாருங்கள்.

காசநோய் மூளைச் சவ்வு அழற்சியை மறக்கவே கூடாது. தண்டுவட நீரில் லிம்ஃபோசைட்டும் புரதமும் ஏறுவது இரண்டிலும் பொது, ஆனால் டிபியில் சர்க்கரை இறங்கும், லைமில் பெரும்பாலும் இறங்காது. அந்த ஒரு எண்ணுக்காகவே முதுகில் நீர் எடுக்கும் அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரையும் பார்க்க வேண்டும். முகவாதம் மட்டும் இருந்தால் சர்க்கரை நோய், காதுக்குள் கொப்புளம் போடும் அக்கி, எந்தக் காரணமும் தெரியாத பெல்ஸ் முகவாதம், இவைதான் இங்கே பெரும்பான்மை.

ரத்தம் எடுப்பது

இதில் பெரிய வித்தை இல்லை. சிவப்பு மூடிக் குழாயிலோ மஞ்சள் மூடிக் குழாயிலோ எடுக்கலாம், வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயம். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பெயரோடு சொல்லுங்கள், மிக ஆரம்பத்திலேயே மருந்து போய்விட்டால் ஆன்டிபாடி சரியாக உருவாகாமல் போகலாம். இரண்டாவது, இரண்டு பக்க முகவாதத்தைப் பார்த்து ஜிபிஎஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய்) என்று சந்தேகப்பட்டு ஐவிஐஜி ஏற்றப் போகிறார்கள் என்றால், ஏற்றுவதற்கு முன்பே இரண்டு குழாய் ரத்தம் எடுத்து சீரத்தைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஐவிஐஜி என்பதே ஆயிரக்கணக்கான பேரின் ஆன்டிபாடிதான். அது உள்ளே போன பிறகு எடுக்கிற எந்த ஐஜிஜி டெஸ்டும் யாருடைய ஆன்டிபாடியைக் காட்டுகிறது என்று சொல்ல முடியாது.

ஐஜிஎம் தொற்று வந்து இரண்டு முதல் நாலு வாரத்தில் தெரியும், ஐஜிஜி நாலு முதல் ஆறு வாரத்தில். தொந்தரவு ஆரம்பித்து ஆறு வாரத்துக்குள் எடுத்த ரத்தம் நெகட்டிவ் என்றால் அத்தோடு முடிக்காமல் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஆறேழு வாரம் தாண்டியும் ரத்தத்தில் ஐஜிஜி இல்லை என்றால் லைமைக் கிட்டத்தட்ட மறந்துவிடலாம்.

பாசிட்டிவ் என்றால் அது முதல் படிதான். இரண்டு படி வைத்துப் பார்ப்பதுதான் முறை: முதலில் எலைசா, அது பாசிட்டிவோ சந்தேகமோ என்றால் வெஸ்டர்ன் பிளாட். பிளாட்டில் வரிவரியாகக் கோடுகள் விழும், ஒவ்வொரு கோடும் கிருமியின் ஒரு புரதம். அமெரிக்கக் கணக்கில் ஐஜிஎம்முக்கு 23, 39, 41 கிலோ டால்டன் என்ற மூன்றில் இரண்டு கோடு விழ வேண்டும், ஐஜிஜிக்குப் பத்தில் ஐந்து. இதில் 41 என்கிற கோடு பாக்டீரியாவின் வால் புரதம், மற்ற சுருள் பாக்டீரியாக்களுக்கும் அதே மாதிரி உண்டு. நோயே இல்லாத பலருக்கும் 41 மட்டும் தனியாக விழும். அதைப் பார்த்து "ஒரு கோடு விழுந்திருக்கு, கொஞ்சம் லைம் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐஜிஎம் பிளாட்டுக்குத் தொந்தரவு தொடங்கி முதல் 30 நாள் வரைதான் மதிப்பு. மூன்று மாதமாக இருக்கும் தொந்தரவுக்கு ஐஜிஜி நெகட்டிவ், ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றால் அது அநேகமாகப் பொய்தான். முடக்குவாதத்தில் வரும் ருமட்டாய்டு ஃபேக்டர், லூபஸ், இளம் வயதில் வரும் இபிவி வைரஸ் காய்ச்சல், இதய வால்வுத் தொற்று, இவை எல்லாமே ஐஜிஎம்மைக் கிளப்பிவிடும். 2019இலிருந்து அமெரிக்காவில் பிளாட்டுக்குப் பதில் வேறு வகையான இரண்டாவது எலைசாவையே வைத்துக்கொள்ளும் முறையும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, கோடு எண்ணுகிற தலைவலி அதில் இல்லை.

ஜெர்மனியிலிருந்தோ ஸ்வீடனிலிருந்தோ வந்தவர் என்றால் லேபிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அமெரிக்கக் கிருமியை மட்டும் வைத்துச் செய்த பிளாட்டும், அமெரிக்கக் கோட்டுக் கணக்கும் ஐரோப்பிய இனங்களைத் தவறவிடலாம். சி6 அல்லது விஎல்எஸ்இ என்ற புரதத்தை வைத்துச் செய்த எலைசா இரண்டு பக்கத்துக் கிருமியையும் ஓரளவு நன்றாகவே பிடிக்கும். எந்த கிட் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

முதுகில் நீர் எடுப்பது

வீட்டுக்காரர்கள் தயங்குவது இங்கேதான். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாவது கணுவோடு முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்கும் கீழே மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலோ, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவிலோ. அங்கே தண்டுவடம் இல்லை, நீரும் மெல்லிய நரம்பு இழைகளும்தான். இரண்டு நாள் தலைவலி வரலாம், அது உண்மை. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்க வழிகாட்டுதலில் எல்லாருக்கும் முதுகு நீர் கட்டாயம் என்று இல்லை, போய்வந்த இடமும் தொந்தரவும் பொருந்தி, ரத்தம் இரண்டு படியிலும் பாசிட்டிவ் என்றால் அதுவே போதும் என்று பல சமயம் முடிவெடுப்பார்கள். ஐரோப்பியர்கள் தண்டுவட நீரைப் பார்க்காமல் உறுதி என்று சொல்ல மாட்டார்கள். 2010இல் வந்த ஐரோப்பிய நரம்பியல் வழிகாட்டுதல் மூன்று கேட்கிறது: பொருத்தமான நரம்புத் தொந்தரவு, நீரில் வெள்ளணுக்கள் ஏறியிருப்பது, நரம்பு மண்டலத்துக்கு உள்ளேயே பொரேலியா ஆன்டிபாடி தயாராவது. மூன்றும் இருந்தால் உறுதி, இரண்டு இருந்தால் இருக்கலாம். என்னைக் கேட்டால் நம் ஊரில் ஐரோப்பிய வழிதான் சரி. லைம் அபூர்வம், அதே முகத்தோடு வரும் டிபியும் ஸ்க்ரப்பும் சாதாரணம், நீரைப் பார்க்காமல் இவற்றைப் பிரிக்க முடியாது.

ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய இருந்தால் அதில் கொஞ்சம் தானாகவே தண்டுவட நீருக்குள் கசியும், நோய் மூளையில் இல்லாவிட்டாலும். மேட்டு வயலில் தண்ணீர் தளும்பி நின்றால் வரப்பு வழியாகப் பள்ளத்து வயலுக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பள்ளத்து வயலில் தண்ணீரைப் பார்த்தவுடன் அங்கே தனி போர்வெல் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது, வரப்பு எவ்வளவு கசியும் என்று தெரிந்து அதற்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்குக்குப் பெயர்தான் ஆன்டிபாடி இண்டெக்ஸ்.

போடுவது எளிது. நீரில் உள்ள பொரேலியா ஐஜிஜியை ரத்தத்தில் உள்ள பொரேலியா ஐஜிஜியால் வகுக்க வேண்டும். நீரில் உள்ள மொத்த ஐஜிஜியை ரத்தத்தில் உள்ள மொத்த ஐஜிஜியால் வகுக்க வேண்டும், கசிவின் அளவு இதுதான். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுத்தால் இண்டெக்ஸ். உதாரணத்துக்கு மொத்த ஐஜிஜி ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராம், நீரில் 4 மில்லிகிராம், அதாவது 0.004. பொரேலியா ஐஜிஜி ரத்தத்தில் 200 யூனிட், நீரில் 0.8 யூனிட் என்றால் அதுவும் 0.004. வகுத்தால் 1. எல்லாமே கசிவு, உள்ளே உற்பத்தி இல்லை. அதே ஆளுக்கு நீரில் 4 யூனிட் இருந்தால் 0.02, இண்டெக்ஸ் 5. இப்போது உள்ளேயே தயாராகிறது என்று சொல்லலாம். 1.5க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று பல லேப்கள் வைத்திருக்கின்றன, சில கிட்டில் 1.3, சிலதில் 2, ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கும். மொத்த ஐஜிஜியே உள்ளே அதிகமாகத் தயாராகும் நோய்களில் இந்தக் கணக்கு குறைத்துக் காட்டும், அதற்கு ஆல்புமின் என்ற புரதத்தை வைத்து ஒரு திருத்தம் உண்டு, அதனால் ரத்தத்திலும் நீரிலும் ஆல்புமினையும் சேர்த்துக் கேளுங்கள்.

இதிலிருந்து நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது, ரத்தமும் நீரும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே மணி நேரத்தில் எடுத்து, ஒரே லேபுக்கு, ஒரே பையில் போக வேண்டும். ஒரே கிட்டில் ஒரே ஓட்டத்தில் இரண்டையும் வைத்தால்தான் யூனிட்டை வகுக்க முடியும். போன வாரம் ஒரு லேபில் பார்த்த ரத்த ரிப்போர்ட்டையும், இந்த வாரம் வேறு லேபில் பார்த்த நீர் ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு இண்டெக்ஸ் போடவே முடியாது. நீரை மட்டும் அனுப்பி "சிஎஸ்எஃப் லைம் ஐஜிஜி பாசிட்டிவ்" என்று வாங்கி வருவதும் வீண், கசிவா உற்பத்தியா என்று அதற்குத் தெரியாது. மறுபடி முதுகில் ஊசி என்றால் யார் சம்மதிப்பார்கள்?

எடுக்கிற நாளுக்கு முன்பே எந்த லேப் இண்டெக்ஸ் போடுகிறது என்று போன் செய்து கேட்டுவிடுங்கள். இங்கே உள்ளூரில் யாரும் போடுவதாகத் தெரிந்தால் நல்லது, இல்லையென்றால் வெளியூருக்கு அனுப்புகிற லேபைப் பிடிக்க வேண்டும். "லைம் செய்வீர்களா" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், "ரத்தம், தண்டுவட நீர் ஜோடியாக வைத்து ஆன்டிபாடி இண்டெக்ஸ் எண்ணாகத் தருவீர்களா" என்று கேளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் எடுக்காதீர்கள், ஞாயிறு முழுக்க கூரியர் அலுவலகத்தில் கிடக்கும்.

அணுக்கள் எண்ணுவதும் சர்க்கரையும் அந்த ஆஸ்பத்திரியிலேயே உடனே நடக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் என்றால் நல்லது, அணுக்கள் உடைந்துபோகும். ஆன்டிபாடி அவ்வளவு சீக்கிரம் கெடாது, 2 முதல் 8 டிகிரி குளிரில் சில நாள் தாங்கும், அதற்கு மேல் ஆகுமென்றால் உறைய வைக்க வேண்டும். முதல் குழாயில் ஊசி குத்திய ரத்தம் கலந்திருந்தால் இண்டெக்ஸுக்குக் கடைசிக் குழாயைக் கொடுங்கள், ரத்தம் கலந்த நீர் கணக்கைக் கெடுத்துவிடும். லைமுக்கு ஒன்றிரண்டு மில்லி ஒதுக்கிவிட்டு, டிபி ஜீன் எக்ஸ்பர்ட், விடிஆர்எல் இவற்றுக்கும் போதுமான நீர் இருக்கிறதா என்று எடுக்கும்போதே கேளுங்கள். குறைவாக இருந்தால் டிபிக்குத்தான் முதல் உரிமை.

ரிப்போர்ட் வந்த பிறகு

இண்டெக்ஸ் பாசிட்டிவ், அணுக்கள் ஏறியிருக்கின்றன, தொந்தரவும் பொருந்துகிறது என்றால் தயங்க ஒன்றுமில்லை. இண்டெக்ஸ் நெகட்டிவ் ஆனால் தொந்தரவு தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, நீரில் லிம்ஃபோசைட் நிறைய என்றால், அதை வைத்து லைமைத் தள்ளிவிட முடியாது. முதல் ஆறு வாரத்தில் சுமார் 80 சதவீதம் பேருக்குத்தான் இண்டெக்ஸ் ஏறும், பிறகு கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஏறிவிடும். அந்த இடைவெளியில் உதவுவதற்கு சிஎக்ஸ்சிஎல்-13 என்று ஒரு டெஸ்ட் ஐரோப்பாவில் பார்க்கிறார்கள், நோய் தொடங்கியதும் சீக்கிரம் ஏறி, சிகிச்சை கொடுத்ததும் சீக்கிரம் இறங்கும். ஆனால் நியூரோசிஃபிலிஸிலும் மூளை லிம்ஃபோமாவிலும் வேறு சில தொற்றுகளிலும் அதுவும் ஏறும். இண்டெக்ஸ் பாசிட்டிவ் ஆனால் அணுக்கள் ஒன்றுமே இல்லை என்றால், ஜெர்மனியில் பத்து வருடம் இருந்தவருக்கு எப்போதோ வந்து போன தொற்றின் மிச்சமாக இருக்கலாம். இப்போதைய முகவாதத்துக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

முகவாதம் மட்டும் இருந்து நீர் முழுக்கச் சாதாரணமாக இருப்பதும் உண்டு. நோய் நரம்பின் வெளிப்பகுதியோடு நின்றிருந்தால் நீரில் தெரியாமல் போகலாம், அப்போது ரத்தத்தின் இரண்டு படி முடிவும் பயண விவரமும்தான் கை கொடுக்கும்.

தண்டுவட நீரில் பிசிஆர் செய்யலாமே, கிருமியையே பிடித்துவிடலாமே என்று கேட்பார்கள். நீரில் கிருமி மிகக் குறைவாக இருப்பதால் பிசிஆர் பெரும்பாலும் நெகட்டிவ்தான் வரும், அந்த நெகட்டிவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, 2020 வழிகாட்டுதலும் அதை வேண்டாம் என்கிறது. சிறுநீரில் லைம் ஆன்டிஜன், சிடி57 என்ற ஒரு வகை வெள்ளணுவின் எண்ணிக்கை, சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் காட்டி "இதோ நெளியுது பாருங்க" என்பது, இவை எல்லாம் பணம் பிடுங்குகிற வேலை.

சிகிச்சை முடிந்தவுடன் மறுபடி ஆன்டிபாடி எடுத்துப் பார்த்துவிட்டு "இன்னும் பாசிட்டிவ், மருந்து கேட்கவில்லை" என்று பயப்படுகிறவர்கள் அதிகம். ஐஜிஜி வருடக்கணக்கில் இருக்கும், இண்டெக்ஸும் அப்படித்தான், சிலருக்கு ஐஜிஎம்கூட. வழக்கமாக இரண்டு மூன்று வாரம் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், தொந்தரவு குறைகிறதா என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். முகம் நேராக வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம், கண் மூடாமல் இருக்கும் வரை சொட்டு மருந்து போட்டு ராத்திரி கண்ணை மூடி ஒட்டி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்தும் புதிதாகத் தலைவலி, வலி என்று ஏறினால் நரம்பியல் டாக்டர் மறுபடி முதுகு நீர் கேட்கக்கூடும், அப்போது பார்க்க வேண்டியது அணுக்களின் எண்ணிக்கையை, ஆன்டிபாடியை அல்ல. அந்த முதல் ரிப்போர்ட்டையும் சிகிச்சை விவரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த பேரப்பிள்ளைக்கு மறுபடி நியூஜெர்சி போய்விட்டு வந்து வேறு தொந்தரவு வந்தால், பழைய எண் தெரியாமல் புதிய எண்ணுக்கு யாராலும் அர்த்தம் சொல்ல முடியாது.